மூன்றாம் படி

மஞ்சுளா அந்த ஆய்வுக் கட்டுரையை முதன்முதலில் பார்த்தது சேலம் புதிய பேருந்து நிலையத்தில், ஜலகண்டாபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு. கைப்பேசியில் வந்திருந்தது. நாளை வரப்போகும் குவாண்டம் கணினிக்கும் அசைந்து கொடுக்காத ஒரு டிஜிட்டல் கையொப்ப முறை. மூன்று வருடமாக அவள் நோட்டில் எழுதி எழுதி அடித்த முறை. மேலே இரண்டு பெயர்கள்: அவளுடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் ஜெகதீஸ்வரன், அவருடைய அக்கா மகன் யோகேஷ். அவள் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில் இருந்தது. 'தட்டச்சில் உதவியவர்.'

மறுநாள் காலையில் அவர் அறை வாசலில் போய் நின்றாள்.

"நோட்டுல கிறுக்கறதெல்லாம் ஆராய்ச்சி ஆயிருமா?" என்றார் அவர், தலை நிமிராமல். "உங்க ஊட்டுல காலேஜ் வாசல மிதிச்சதே நீதான் மொதல்ல. பட்டத்த வாங்கிட்டுப் போற வழியப் பாரு சாமி. மேல பேசுனா அதுவும் கெடைக்காது."

குழந்தையைக் கொஞ்சுவதுபோல் சொன்ன அந்த 'சாமி'தான் அவளுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

ஆனால் முந்தின நாள் பஸ்ஸிலேயே அவள் இன்னொன்றையும் கவனித்திருந்தாள். டிஜிட்டல் கையொப்பம் பேனாவால் போடுவதல்ல. ஒருவரிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியை வைத்துக் கணக்குப் போட்டு வருவது. அது அவர் போட்டதுதானா என்று யாரும் சரிபார்க்கலாம். சாவி இல்லாமல் அதேபோல் போடத்தான் முடியாது. அவளுடைய முறையில் நான்கு படிகள். மூன்றாம் படியில், சாவியின் சாயல் ஒட்டிய கையொப்பங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி போட வேண்டும். மூன்றுக்கு இரண்டு வீணாகும். அதனால் வேகம் குறையும். ஜெகதீஸ்வரன் அந்தப் படியை வெட்டிவிட்டு, 'மும்மடங்கு வேகம்' என்று தலைப்பில் போட்டிருந்தார்.

ஒரு மின்னஞ்சல் போதும். 'சார், மூன்றாம் படி இல்லாவிட்டால் ஒவ்வொரு கையொப்பத்திலும் சாவி மயிரிழையளவு கசியும். நிறையச் சேர்த்தால் முழுச் சாவியும் கிடைத்துவிடும்.' அவள் அனுப்பவில்லை. ஏறட்டும் என்று நினைத்தாள். எவ்வளவு உயரம் ஏறுகிறாரோ ஏறட்டும்.

முனைவர் பட்டத்தை வேறு தலைப்பில், இரண்டு வருடம் தாமதமாக வாங்கினாள். எருமப்பட்டிக்குப் போகும் சாலையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேலை கிடைத்தது. வகுப்பு முடிந்ததும் ஆய்வகக் கணினிகளில் தன் கணக்கை ஓடவிட்டாள். முதலில் சாவியைப் பிடிக்கக் கோடிக் கணக்கில் கையொப்பங்கள் தேவைப்பட்டன. அடுத்த வருடம் பத்து லட்சம் போதுமானது. நான்காம் வருடக் கடைசியில் நாற்பதாயிரத்துக்கு வந்து நின்றது. ஆடி நோம்பிக்குக்கூட ஊருக்கு வராத மகளைப் பற்றி அம்மா அத்தாயி, "அப்படி என்ன புள்ள அந்தப் பொட்டிக்குள்ள இருக்குது?" என்று போனில் கேட்டாள். மஞ்சுளா சிரித்தாள். "ஒரு ஆளு இருக்காரும்மா."

அந்த ஆள் நன்றாகவே ஏறினார். விருது வாங்கினார். அரசு அவருடைய முறையைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டது. கட்டுரை வந்த ஆறாம் வருடம், தன் சாவியால் போட்ட ஐம்பதாயிரம் கையொப்பங்களை இணையத்தில் வைத்து, 'முடிந்தவர் போலிக் கையொப்பம் ஒன்று போட்டுக் காட்டலாம்' என்று அறைகூவலும் விட்டார். அதைப் படித்தபோது மஞ்சுளாவுக்குப் பசித்தது. உணவகத்துக்குப் போய் வயிறார மதியச் சாப்பாடு சாப்பிட்டாள்.

சேலத்தில் ஒரு கல்லூரி அரங்கில் அவர் அந்த முறையைச் செயல்முறையில் காட்டுவதாக அறிவிப்பு வந்தது. வாசலில் பெயர் பதிந்துகொண்டிருந்த பெண் அவள் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தாள்.

"மேடம், நீங்களாங்க? மொதப் பேப்பர்ல நன்றியில உங்க பேரு பாத்திருக்கேன். நான் கனிஷ்கா, சாரோட ஸ்டூடண்ட். நாலு வருசமா இந்த மொறையிலதான் ஆராய்ச்சி. அடுத்த மாசம் சமர்ப்பிக்கறேனுங்க."

மஞ்சுளா பைக்குள் இருந்த பென் டிரைவைத் தொட்டாள். இப்போதுகூடத் திரும்பிப் போகலாம். உள்ளே ஒலிபெருக்கியில் ஜெகதீஸ்வரனின் சிரிப்பு கேட்டது. "வாழ்த்துகள்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"யாராச்சும் போலிக் கையொப்பம் போட்டுப் பாக்கறீங்களா?" என்று அவர் மேடையில் கேட்டதும் எழுந்தாள்.

"அட, மஞ்சுளாவா! நல்லாருக்கியா சாமி? வா வா."

"நல்லாருக்கேனுங்க சார்." பென் டிரைவை நீட்டினாள். அவரே கணினியில் செருகினார். சரிபார்க்கும் நிரல் இரண்டு நொடி ஓடியது. பெரிய திரையில் பச்சை எழுத்து வந்தது: 'கையொப்பம் செல்லும்.' அதன் கீழே, அவர் சாவி கையொப்பமிட்ட வாசகம்:

'மஞ்சுளா தீர்த்தகிரி எழுதியதைத் திருடி என் பெயரில் வெளியிட்டேன். ஜெகதீஸ்வரன்.'

அரங்கில் முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு கைப்பேசிகள் திரையை நோக்கி உயர்ந்தன.

"மோசடி!" அவர் குரல் உடைந்தது. "எவனோ சாவியத் திருடிட்டான்."

"யாரும் திருடலீங்க சார். நாப்பதாயிரம் தடவ கொஞ்சங் கொஞ்சமா நீங்களே எடுத்துக் குடுத்தீங்க. மூணாம் படிய ஏனுங்க எடுத்தீங்க?"

"அது... வேகத்துக்கு..."

"யோசிச்சு எழுதியிருந்தா எடுத்திருக்க மாட்டீங்க. காப்பியடிக்கறவங்களுக்கு எது தூணு, எது தோரணம்னு தெரியறதில்லீங்க சார்."

அன்று மதியமே தாக்குதலின் முழுக் கணக்கையும் பழைய ஆய்வு நோட்டின் பக்கங்களையும் இணையத்தில் ஏற்றினாள். மூன்றாம் படி எழுதிய பக்கத்தில், வழிகாட்டி வாராவாரம் போட வேண்டிய கையெழுத்து, தேதியோடு, பச்சை மையில் இருந்தது. அரசு அந்த முறையைக் கைவிட்டது. பல்கலைக்கழக விசாரணையில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஜெகதீஸ்வரன் விருப்ப ஓய்வில் போனார். தொலைபேசியில் ஒருமுறை அழைத்து, "எம் பேரையும் சேருங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார். மஞ்சுளா முழுக்கக் கேட்டுவிட்டு வைத்தாள். அந்த வாரம் முழுவதும் கரும்பு தின்றதுபோல் இருந்தது.

அடுத்த வாரம் கனிஷ்கா மஞ்சுளாவின் கல்லூரிக்கே வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஆறு வருசமாத் தெரிஞ்சிருக்குது உங்களுக்கு."

"ஆமா."

"நான் சேந்து நாலு வருசந்தானுங்க ஆகுது. அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இதத் தொட்டிருக்கவே மாட்டேன். அவரு உங்க மூணு வருசத்த எடுத்தாரு. நீங்க என்னோட நாலு வருசத்த எடுத்துட்டீங்க."

"இங்க வந்து என்கிட்டச் சேந்துக்கறியா? நான் வழிகாட்டறேன்."

"வேண்டாமுங்க."

அவள் போன பிறகு அடுத்த மேசையிலிருந்த சக ஆசிரியர் பூபதி மெதுவாகக் கேட்டார். "மேடம், இந்தப் பொண்ணப் பத்தி முன்னாடியே தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பீங்களா?"

"வாசல்லயே தெரிஞ்சிருச்சு சார்" என்றாள் மஞ்சுளா. "தெரிஞ்சுதான் உள்ள போனேன்."

வகுப்புக்கு மணி அடித்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.