திரும்பி வந்த கறுவாப் பணிஸ்

மாப்பிள்ளை வீட்டுக்குப் போன தட்டு திரும்பி வந்தது. போனது முழுத்தட்டு, வந்தது பாதித்தட்டு. கொண்டுவந்த பெண் அதை வாசற்படியில் வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"கள்ளு ஊத்திப் பொங்கவச்ச பணிஸ் ஹறாமாம். நிக்காஹைப் பற்றி யோசிக்க வேணுமெண்டு மாப்பிள்ளையின்ட உம்மா சொல்லச் சொன்னவ. கத்தம் ஓதின வீட்டிலயும் பொம்பிளையள் எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டா."

கல்யாணப் பெண்ணின் தாய் நசீறாவுக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்? பாதித்தட்டைத் தின்று முடித்த பிறகுதானா ஹறாம் என்று தெரிந்தது?

அந்தப் பணிசுக்கு அவள் பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும். புருஷன் மஹ்மூது, தலைமன்னாரில் இருந்து இந்தியாவுக்குப் போகும் கப்பலில் சமைக்கிற கோக்கி. வெள்ளைக்காரத் துரைமாருக்குச் சுடும் கறுவாப் பணிசை அவன்தான் அவளுக்குப் பழக்கினான். ஊரில் பாண் சுடுகிறவர்கள் கள்ளு ஊற்றித்தான் மாவைப் பொங்க வைப்பார்கள், அது மெய். நசீறாவின் மாவிலோ ஒரு துளி கள்ளுப் பட்டதில்லை. மஹ்மூது கப்பலில் இருந்து கொண்டுவந்த ஈஸ்டைப் போட்டு முதன்முதலில் பிசைந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி மாவை எடுத்துவைத்து அடுத்த மாவோடு சேர்த்துக்கொள்வாள். பொங்கிய மாவைத் தட்டிப் பரப்பி, நெய் தடவி, காய்ச்சிய பனம்பாணியும் கறுவாப்பட்டைத் தூளும் பூசி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, துண்டு துண்டாக வெட்டி, மறுபடி பொங்கவிட்டுப் போறணை அடுப்பில் வைத்தால் தெரு முழுக்க மணக்கும்.

பிழை எங்கே நடந்தது என்று அவளுக்கு உடனே பிடிபட்டது. பாணி காய்ச்சக் கருப்பணி கொண்டுவந்து தந்தவன் பனைமரம் சீவுகிற பஸ்ரியன். அவன் மண்முட்டியோடு பின்வேலியால் வந்ததை யாரோ கண்டு, கள்ளு என்று கதை கட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்குவது இனிப்பான கருப்பணி, தடவாத முட்டியில் இறங்குவது கள்ளு. மன்னாரில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் முட்டிக்குள் எட்டிப் பார்க்க எவருக்கும் நேரமில்லை. ஊர்வாய்க்கு மட்டும் நேரம் தாராளமாக இருந்தது.

அந்த முட்டி இன்னும் குசினியில்தான் கிடந்தது. முக்காட்டை இழுத்துவிட்டு, தட்டை இடுப்பிலும் முட்டியைக் கையிலுமாக வைத்துக்கொண்டு நடுத்தெருவால் நடந்தாள். மகள் பரீனா "வேண்டாம் உம்மா" என்று கெஞ்சியது காதில் ஏறவில்லை.

மாப்பிள்ளையின் தாய் ஹவ்வா உம்மா கதிரையில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். நசீறா முட்டியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"உள்ளுக்குப் பாருங்கோ லாத்தா. சுண்ணாம்பு. நல்லா மணந்தும் பாருங்கோ."

ஹவ்வா உம்மா பார்த்தாள், முகர்ந்தாள். முகம் கறுத்தது.

"சரி நசீறா, பிழைதான். பொம்பிளையள் சொன்னதை நம்பிப்போட்டன். நிக்காஹ் நடக்கட்டும். இந்தக் கதையை எங்களுக்குள்ளயே வச்சுக்கொள்ளுவம்."

"எங்களுக்குள்ளயோ? ஊர்ப் பொம்பிளையள் எல்லாருக்கும் முன்னால சொன்னனீங்கள். அதே வாயால, அவையளுக்கு முன்னாலயே நசீறாட மா ஹலால் எண்டு சொல்லுங்கோ."

"நான் மாப்பிள்ளையின்ட உம்மா. நான் போய்ப் பிழை எண்டு சொன்னா என்ட மரியாதை என்னாகும்?"

"அப்ப என்ட மரியாதை தெருவில கிடந்ததோ?"

அறைவாசல் திரைக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்டது. மாப்பிள்ளை ஜமால்தீன். திரை அசைந்தது, ஆள் வரவில்லை. நசீறா கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். பிறகு தட்டை அங்கேயே வைத்துவிட்டு வெளியேறினாள்.

திரும்பும் வழியில்தான் பயம் பிடித்தது. கைக்கு வந்த சம்பந்தத்தை வாயால் கெடுத்துவிட்டேனே, என் மானத்துக்காகப் பிள்ளையின் வாழ்க்கையை விலை கொடுத்துவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பரீனா வாசலிலேயே நின்றாள். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "அவர் வீட்டில இல்லையோ?" என்றாள்.

"இருந்தவர்."

"என்ன சொன்னவர்?"

"செருமினவர், மகள்."

பரீனாவின் கண் கலங்கியது. குரல் கலங்கவில்லை.

"இண்டைக்கு உங்களுக்காக வெளியில வராதவர் நாளைக்கு எனக்காக வருவாரோ? எனக்கு வேண்டாம் உம்மா. வாப்பா கப்பலால வரட்டும், நானே சொல்லுறன்."