பட்டுப்போனதாகக் கருதப்படும் மரம்

வலது கை சட்டைக்குள் போக மாட்டேன் என்று அடம் பிடித்தது. மாமனார் உயிரோடு இருந்தவரை அந்தக் கைதான் மணியடித்து மணியடித்து அவளை வீடெல்லாம் ஓட விட்டது. செத்த பிறகும் வேலை வாங்குவதை அது நிறுத்தவில்லை. அவள் தையல் மேசையிலிருந்து பெரிய கத்தரியை எடுத்துவந்து, சட்டையின் முதுகைக் கழுத்துப்பட்டையிலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் வெட்டினாள்.

கணவன் பதறிப்போனான். "அப்பாவோட ஆபீஸ் சட்டைம்மா அது."

"முன்பக்கம் ஆபீஸ் மாதிரியேதாங்க இருக்கும். பின்பக்கத்த யாரு பாக்கப்போறா? உங்கப்பா ஆபீஸே அப்படித்தானே நடந்துச்சு."

முன்னாலிருந்து இரண்டு கைகளையும் நுழைத்து, வெட்டிய ஓரங்களை முதுகுக்கடியில் செருகி, பித்தானைப் போட்டாள். சக்கரம் வைத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர் மறுபடியும் நகராட்சித் தலைமை எழுத்தர் ஆகிவிட்டார். வாதம் வந்து இடப்பக்கம் விழுந்து வருஷக்கணக்காகிவிட்டது. வாய்க்கு மட்டும் வாதம் வரவில்லை.

விடியற்காலையில் வெந்நீர்ச் சொம்போடு வந்த அவள்தான் முதலில் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு அழுகை வரவில்லை. காதருகே தூக்கிக்கொண்டே இருந்த தோள்கள் இரண்டும் தாமாகக் கீழே இறங்கின. அதை யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று, அப்போதிலிருந்து ஒரு நிமிஷம் சும்மா இராமல் எதையாவது செய்துகொண்டே இருக்கிறாள். மணியை எடுத்து மேல்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதும் அந்தச் சுறுசுறுப்பில்தான்.

"டாக்டர் மத்தியானத்துக்கு மேலதான் வருவாராம்" என்றான் கணவன். "அவர் கையெழுத்துப் போட்டாத்தான் மயானத்துல எடுத்துக்குவாங்க. அதுவரைக்கும் அப்பா, வந்து, சட்டப்படி..."

முடிக்க முடியாமல் மூக்கை உறிஞ்சினான்.

சட்டப்படி இன்னும் இருக்கிறார். மாமனாரே கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். மரத்து விஷயத்தில் அவர் சொன்னதும் அதுதானே.

தெரு முனையில் ஒரு மரம். நாலு பேர் கைகோத்தாலும் சுற்றி வராத அடிமரம். சாலையை அகலப்படுத்த அது இடைஞ்சல் என்று நேராகச் சொல்ல நகராட்சிக்குக் கூச்சம். அதனால் குளிர்காலத்தின் நட்டநடுவில், ஊர் மரங்களில் இலை ஒன்றுகூட இல்லாத நாளாகப் பார்த்து ஆளனுப்பி, 'மரம் பட்டுப்போனது, பொதுமக்களுக்கு ஆபத்து' என்று எழுதி வாங்கிக்கொண்டது. அந்தக் கணக்குக்கு அன்றைக்கு ஊரில் இருந்த அத்தனை மரங்களையும் அடக்கம் செய்திருக்க வேண்டும். தலைமை எழுத்தருக்கோ சந்தேகமே இல்லை. "ஃபைல்ல பட்டுப்போச்சுன்னு ஏறிட்டா பட்டுப்போச்சுதான். மரத்துக்கு என்ன தெரியும்?"

தெருக்காரர்கள் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார்கள். அடியில் ஆள் இருந்தால் மரம் வெட்டும் இயந்திரத்தை இயக்கக்கூடாது என்று விதி. முறை வைத்து, காலையிலிருந்து இருட்டும்வரை யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கோஷம் கிடையாது. அது எதிர்வீட்டு அக்கா போட்ட உத்தரவு. குழந்தைகள் காப்பகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவள் அவள். "கத்துற புள்ளைய எவனும் திரும்பிப் பாக்கமாட்டான். பேசாம உக்காந்திருக்கிற புள்ளையத்தான், என்னடா ஆச்சுன்னு பத்துப் பேர் வந்து கேப்பாங்க" என்றாள். இதில் மனம் உடைந்துபோனவர் ஒருவர்தான். போராட்டக் குழுத் தலைவர் என்று அவர் தம்மை அழைத்துக்கொண்டார். தெரு அவரை 'மைக்' என்று அழைத்தது. கழுத்தில் தொங்கும் கை ஒலிபெருக்கிக்கு ஒரு நாள்கூட வேலை இல்லை. "கோஷம் இல்லாத போராட்டம் உப்பில்லாப் பண்டம்மா" என்று புலம்புவார். "பரவால்ல சார், இங்க பாதிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு" என்பாள் அக்கா.

காலை முறை இவளுடையது. மாமனாரின் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், மாத்திரை, செய்தித்தாள் எல்லாம் வைத்துவிட்டு, தைக்க வந்த துணிகளை அள்ளிக்கொண்டு ஓடுவாள். "செத்த மரத்துக்குக் காவல், உசிரோட இருக்கிறவனுக்கு ஆளில்ல" என்று முதுகுக்குப் பின்னால் கேட்கும். தெருமுனை தாண்டினால் அதுவும் கேட்காது. மரத்தைக் காப்பாற்றப் போவதாகத்தான் எல்லோரிடமும் சொன்னாள். குளிரில் விரல் விறைக்க விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் நிமிர்ந்து பார்த்தபோது, தாழ்ந்த கிளை ஒன்றின் நுனியில் நூல்முடிச்சு மாதிரி என்னவோ புடைத்திருந்தது. மறுநாள் அது கொஞ்சம் பிளந்தது. பிறகு எல்லா நுனிகளிலும் முடிச்சு. வீட்டுக்கு வந்து, "மாமா, துளிர்த்திருச்சு" என்றாள், மூச்சு வாங்க.

அவர் செய்தித்தாளை மடித்தார். "ஃபைல்ல வந்துச்சா?"

வரவில்லை. ஆனால் வெட்டும் அனுமதிக்கு ஒரு கெடு இருந்தது. பறவைகள் கூடு கட்டும் காலம் தொடங்கிவிட்டால் எந்த மரத்திலும் கை வைக்கக்கூடாது. அந்தக் காலம் நாளை தொடங்குகிறது. இன்று சாயங்காலம் தாண்டிவிட்டால் போதும். கோடை முடியும்வரை மரத்துக்கு ஆபத்தில்லை. அதற்குள் தெருக்காரர்கள் போட்ட வழக்கும் விசாரணைக்கு வந்துவிடும்.

அந்த 'இன்று' பார்த்துத்தான் மாமனார் கண்ணை மூடியிருந்தார்.

துக்கம் கேட்டுத் தெருவே வந்துவிட்டது. கூடம் நிறைந்து, வாசல் வரை ஆள். கையில் ஆளுக்கொரு நாற்காலி. நல்ல மனசுக்காரர்கள், சாவு வீட்டில் உட்கார இடம் இருக்காதே என்று யோசித்திருக்கிறார்கள். அவள் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தாள். மைக் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலில் ஒரு நீலத் துணிக் கிழிசல் கட்டியிருந்தது. அடுத்த நாற்காலியிலும் நீலம். அவளே கட்டியதுதான், மரத்தடி நாற்காலிகள் வேறெங்கும் போய்விடாமல் இருக்க.

"மரத்தடியில யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அவரு இருக்காருன்னு நெனச்சேன்."

"நீங்க இருக்கீங்கன்னுதானே நான் வந்தேன்."

"எல்லாரும் துக்கத்துக்கு வந்துட்டோமேம்மா" என்றாள் எதிர்வீட்டு அக்கா, மெதுவாக. தூரத்தில், பெரிய சாலையில், கனமான இயந்திரம் ஒன்று வேகத்தைக் குறைக்கும் உறுமல் கேட்டது.

"உடனடியா ஒரு கண்டனத் தீர்மானம்..." என்று ஆரம்பித்தார் மைக்.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஓடத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் வந்து உட்கார்ந்த சூட்டோடு, பிணத்தை விட்டுவிட்டு மரத்தைப் பார்க்க முதலில் எழுந்தவன் என்ற பேரை வாங்கிக்கொள்ள ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அவரவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி அவளையே பார்த்தார்கள்.

அவள் குனிந்து கட்டில் சக்கரத்தின் பூட்டை விடுவித்தாள்.

"என்னம்மா பண்றே?" என்றான் கணவன்.

"தள்ளுங்க. மாமாவும் வரட்டும்."

"அப்பாவுக்கு அந்த மரம்னாலே ஆகாதும்மா."

"தெரியும்."

"திட்டுவாரு."

"மணி எங்கிட்டதான் இருக்கு. தள்ளுங்க."

தலைமை எழுத்தர் வாதம் வந்தபின் முதன்முறையாகத் தெருவில் இறங்கினார். முன்னால் கட்டில், பின்னால் தலையில் நாற்காலிகளோடு தெருச்சனம். அரசாங்க மரியாதையோடு போகிறவர்களுக்குக்கூட இவ்வளவு வேகமான ஊர்வலம் கிடைத்திருக்காது. இயந்திரம் முனை திரும்பும்போது கட்டில் மரத்தடியில் நின்றுவிட்டது. சுற்றிலும் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூச்சிரைப்பது தெரியாமல் துக்க முகம் வைத்துக்கொண்டார்கள்.

இயந்திரக்காரர் கட்டிலைப் பார்த்தார். எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பின்னாலேயே வந்த காரிலிருந்து, கக்கத்தில் ஃபைலோடு அதிகாரி இறங்கினார்.

"இது என்ன புது தந்திரம்?" என்று வந்தவர், கட்டிலில் கிடந்த முகத்தைப் பார்த்ததும் தம்மையறியாமல் சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொண்டார். கடைநிலை எழுத்தராகச் சேர்ந்து, இவரிடம் திட்டு வாங்கித்தான் ஃபைல் கட்டப் பழகியவர் அவர். "ஐயாவா? எப்ப தவறினாரு?"

அவள் எழுந்தாள். "இன்னும் கையெழுத்தாகல சார். டாக்டர் வரணும்."

"இல்ல, ஆனா, பாத்தாலே தெரியுதே..."

"பாத்தாத் தெரியும் சார். பேப்பர்படி இன்னும் இருக்காரு." தலைக்கு மேலே கையைக் காட்டினாள். "அது பேப்பர்படி செத்துப்போச்சு. பாத்தாத் தெரியும். நீங்க எதை வச்சு முடிவு பண்ணுவீங்களோ, அதை வச்சு ரெண்டுக்கும் சேத்து ஒண்ணா முடிவு பண்ணிடுங்க."

அதிகாரி மேலே பார்த்தார். வெயில் புகுந்து இலையெல்லாம் கண்ணாடிப் பச்சையாக இருந்தது. ஒரு குருவி வாயில் சுள்ளியோடு வந்து, இவ்வளவு கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி, பிறகு பொருட்படுத்தாமல் உள்ளே போயிற்று. கீழே பார்த்தார். ஃபைலைப் பார்த்தார். கடைசியில், இத்தனை வருட உத்தியோகம் கற்றுக்கொடுத்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "மேலிடத்துல கேக்கணும்."

கேட்கப் போனவர் திரும்பி வரவில்லை. போகும்போது இயந்திரக்காரரிடம், "சாயங்காலம் வரைக்கும் இங்கேயே இரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கார் மறைந்ததும் மைக்குக்குப் பொறுக்கவில்லை. ஒலிபெருக்கியைத் தூக்கிவிட்டார். "தமது இறுதி மூச்சுவரை இந்த மரத்துக்காகவே வாழ்ந்து, இறந்தும் அதற்குக் காவலாய்..."

"சார்" என்றாள் அவள். "மாமா இதை வெட்டச் சொல்லி மூணு தடவ மனு போட்டாரு. போன வாரம்கூட என்னைத்தான் தபால்ல போடச் சொன்னாரு."

மைக் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் இறக்கினார். "அதாவது, கருத்து வேறுபாடுகளையெல்லாம் கடந்து..."

முதலில் சிரித்தது எதிர்வீட்டு அக்கா. வாயைப் பொத்தியும் தோள் குலுங்கிற்று. பிறகு வரிசையாக எல்லோரும். கணவனும் சிரித்தான். "மூணு மனு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு நடுவில் எங்கேயோ வழி மாறி, கட்டிலின் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். காலையிலிருந்து அடைத்துக்கொண்டு நின்றது அது. அவள் அவன் முதுகில் கையை வைத்தாள், எடுக்கவில்லை.

அதற்குப்பின் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்கள். மாமனாரின் வெள்ளைச் சட்டையில் இலை நிழல் பச்சையாக அசைந்துகொண்டிருந்தது. முகம் கடுகடுப்பு விட்டு, யாரோ சொல்வதை முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது. அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. வராததைப் பற்றிய பயமும் இப்போது இல்லை.

வெயில் சாயத் தொடங்கிய பிறகுதான் டாக்டர் வந்தார். இடம் மாறிய நோயாளியைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை, அவர் பார்க்காததா. நாடி பிடித்தார், கண்ணில் விளக்கு அடித்தார். எழுத மேசை இல்லாததால் கணவன் குனிந்து முதுகைக் காட்ட, அதன் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தலைமை எழுத்தர் முறைப்படி காலமானார்.

மயான வண்டி வந்து நின்றது. இருட்டுமுன் போயாக வேண்டும். எல்லோரும் எழுந்தார்கள், எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சாயங்காலம் இன்னும் முடியவில்லை. இயந்திரம் நின்ற இடத்திலேயே நின்றது.

"நான் இருக்கேன், நீங்க போங்க" என்றாள் அக்கா.

"நீங்க வராம எப்படிக்கா?" என்றான் கணவன்.

மைக்கும் நிற்கத் தயார்தான். மயானத்தில் ஒரு இரங்கலுரை மட்டும் அவரை இழுத்தது. அவள் மரத்தைப் பார்த்தாள், வண்டியில் ஏற்றிய மாமனாரைப் பார்த்தாள். ஓடி ஓடிக் காத்தது மரத்தை; ஆனால் இத்தனை வருடம் தூக்கி உட்கார வைத்துத் துடைத்த உடம்பைத் தனியாக அனுப்பவும் முடியாதென்று இப்போதுதான் தெரிந்தது. ஒரு காலை வண்டிப் படியில் வைத்தாள். இன்னொரு காலைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.

இயந்திரக்காரர் சாப்பாட்டு டப்பாவோடு இறங்கி வந்தார்.

"போயிட்டு வாங்கம்மா" என்றார். "சாயங்காலம் வரைக்கும் இங்க இருன்னுதான் எனக்கு உத்தரவு. எங்க உக்காரணும்னு யாரும் சொல்லல."

நீலத் துணி கட்டிய நாற்காலி ஒன்றை அடிமரத்தோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆள் இருந்தா வண்டிய எடுக்கக்கூடாது. ரூல் அதானே?"

"அதான்" என்றாள் அக்கா. "கத்தவும் கூடாது."

"நான் எதுக்குங்க கத்தப்போறேன்?"

அவள் வண்டியில் ஏறி, மாமனாரின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். வண்டி மெல்ல நகர்ந்தது. பின் கண்ணாடி வழியே பார்த்தாள். இயந்திரத்தின் நீண்ட கை தரையில் சாய்ந்து கிடந்தது. மரத்தடியில் அந்த மனிதர் இரண்டு பூட்ஸ்களையும் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, புல்லில் கால்களை நீட்டி, டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.