படுத்தால் வரும் பேச்சு

படுத்துக் கிடந்தால் நான் நல்ல மனிதன். நெல்லு விலையும் கதைப்பேன், ஊர் வம்பும் கதைப்பேன். எழும்பி இருந்தால் போச்சு! வலக்கை தொங்கும், நாக்குத் தடிக்கும், கடைவாயால் வீணி வடியும்.

மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே மாடு பாய்ந்து என் மண்டை உடைந்தது. வீங்கிய மூளைக்கு இடம் விட, இடப்பக்க எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். அது பழுதாகாமல் இருக்க என் வயிற்றுத் தோலுக்குள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறார்கள். வீக்கம் வற்றியதும் எலும்பில்லாத இடம் குழிந்துபோனது. நிமிர்ந்தால் அந்தக் குழி மூளையை அமத்துமாம். எலும்பைத் திரும்பப் பொருத்தினால் சரிவரும், இது அரிதாக ஒருசிலருக்குத்தான் வரும் என்றார் டொக்டர். லொத்தரில் ஒருநாளும் விழாத எனக்கு இது விழுந்திருக்கிறது.

பொருத்தும் நாள் வருமுன்பே, மகள் மேனுகாவைப் பார்க்கப் புதுக்குடியிருப்பிலிருந்து மாப்பிள்ளை பகுதி வருவதாகச் சொல்லியனுப்பியது. பெடியனின் படத்தைப் பார்த்து அவள் தனக்குள் சிரித்ததை நான் கண்டிருந்தேன்.

“வாற சனத்தைப் படுத்துக்கொண்டே வரவேற்கிறது? கொஞ்ச நேரம் கதிரையில இருங்கோ,” என்றாள் மனைவி விமலேஸ்வரி. “குழி தெரியாமல் கட்டின தலைச் சால்வையைக் கழட்டிப்போடாதேங்கோ. விபத்தெண்டு சொன்னாலும் ஆர் நம்புவினம்? மூளை பிசகின விசர்க் குடும்பம் எண்டுவினம்.”

எனக்கும் அந்த வெட்கம் இருந்தது. போய் இருந்தேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் ஏரம்பு, வயல் எப்படி என்று கேட்டார். வாயைத் திறந்தேன், சொல்லெல்லாம் கூழாகித்தான் வந்தது. வீணி வேட்டியில் வழிந்தது. கை சரிந்து தேத்தண்ணீர்க் கோப்பையைத் தட்டிவிட்டது. வந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

“குறை நினையாதேங்கோ அண்ணை,” விமலேஸ்வரி முந்திக்கொண்டாள். “இவர் காலமையே கொஞ்சம் போட்டிட்டார்.”

அடி பாவி! கள்ளுக்கொட்டில் பக்கமே போகாதவனடி நான்! ஆனால் ஏரம்புவின் முகம் இளகியது.

“ஆம்பிளையள் அப்பிடி இப்பிடித்தான், தங்கச்சி. இதென்ன பெரிய விஷயமே?” என்றார்.

கோபத்தில் பாய்ந்தெழும்பப் போய்க் கதிரையோடு சரிந்தேன். அவர்களின் காலடியில் மல்லாந்து கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் நாக்கு இளகத் தொடங்கியது.

மேனுகா குசினியிலிருந்து ஓடிவந்து என் தலைமாட்டில் குந்தினாள்.

“அப்பா, இப்ப உங்களுக்குக் கதைக்க வரும். குடிக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. எனக்குக் கலியாணம் நடக்காட்டியும் பரவாயில்லை, சொல்லுங்கோ!”

விமலேஸ்வரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெடியன் மேனுகாவையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“ஓம் பிள்ளை, குடிச்சனான்,” என்றேன்.

ஒரு எழுத்துக்கூடக் குழறவில்லை. மேனுகா என் தலைமாட்டை விட்டு எழும்பிப் போனாள்.