ரோகிணி மேடத்துக்கும் அதே அளவு

1

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில் இருந்தபோது, மேலகரத்தில் ஒரு மாடிக் கம்பியில் கவுன் ஒன்று தொங்குவதைப் பார்த்தேன். நீலத்தில் வெள்ளைப் புள்ளி, உப்பிய கை, வட்டக் காலர், குடைபோல் விரிந்த பாவாடை. அறுபது வருடத்துக்கு முந்தைய புகைப்படத்தில் இருந்திருக்க வேண்டியது. ஆனால் துணி புதிது. அளவும் வளர்ந்த பெண்ணின் அளவு. பேருந்து திரும்பிவிட்டது. இந்தக் கதைக்கென்று என்னிடம் இருந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

2

முதல் தொடக்கம்: ஜோதிலட்சுமி தையல் மெஷின் முன் சோகமாக உட்கார்ந்து…

வேண்டாம். சோகமாக இருப்பவள் இத்தனை புள்ளி போட்ட துணியை வாங்கமாட்டாள்.

மறுபடியும். ஜோதிலட்சுமிக்கு நாற்பது தாண்டிவிட்டது. வீட்டிலேயே பழைய பாணி கவுன்கள் தைத்து வெளியூர்களுக்கு அனுப்புகிறாள். தனக்கென்று தைத்தது இந்தப் புள்ளிக் கவுன்தான் முதல். நாளைக் காலை குற்றாலத்தில் கல்லூரித் தோழிகள் கூடுகிறார்கள். அங்கே இதைப் போட்டுக்கொண்டு போய், சாரலில் ஒருமுறை சுற்ற வேண்டும். பாவாடை விரிய வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஆனால் வீட்டில், "இது சென்னை ரோகிணி மேடத்தோட ஆர்டர்" என்று சொல்லிவைத்திருக்கிறாள். அப்படி ஒரு மேடம் கிடையாது.

[ஏன் அப்படிச் சொன்னாள் என்று ஒரு பத்தி எழுதினேன். 'எனக்கு வேண்டும்' என்று கடைசியாக எப்போது சொன்னாய் என அவளைக் கேட்டேன். அவளுக்கு நினைவில்லை. என்னையே கேட்டுப் பார்த்தேன். பத்தியை அடித்துவிட்டேன்.]

3

மகள் ஸ்ரீமதி கேட்கக் கேட்க ரோகிணி மேடம் வளர்ந்தாள். பல் டாக்டர் ஆனாள். மயிலாப்பூரில் வீடு வாங்கினாள். ஒரு நாய் வளர்த்தாள். போன வாரம் நாய்க்குக் காய்ச்சல்.

"நாய் எப்டிம்மா இருக்கு?"

"தேவலையாம்ட்டி."

(பாத்திரம் படைப்பதில் ஜோதிலட்சுமி என்னைவிடக் கெட்டிக்காரி. இவள் வீட்டுக்காரருக்கு நான் இன்னும் ஒரு வேலை கண்டுபிடிக்கவில்லை. மின்வாரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

4

குடைபோல் விரியும் இந்த 'அம்பர்லா கட்' பாவாடையில் ஒரு சங்கடம் உண்டு. வட்டமாக வெட்டிய துணி சில இடங்களில் இறங்கும். ஒருநாள் தொங்கவிட்டுத்தான்* கீழ்விளிம்பை மடித்துத் தைக்க வேண்டும். தொங்கவிட்டாள். சாரல் ஈரத்தில் ஒரு பக்கம் தாராளமாகவே இறங்கிவிட்டது. இனி அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் நிமிர்ந்து நிற்க, இன்னொருவர் தரையிலிருந்து அளந்து சுற்றிலும் சாக்பீஸால் குறிக்க வேண்டும். தானே குனிந்தால் பின்பக்கம் ஏறிவிடும். மற்ற கவுன்களைப் பொம்மைமேல் மாட்டிக் குறிப்பாள். பொம்மை ஒல்லி.

[பக்கத்து வீட்டு சாஜிதாவைக் கூப்பிட்டு எழுதினேன். "ஏட்டி, இது ஒனக்குத்தானே?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டாள். திருப்பி அனுப்பிவிட்டேன்.]

ஸ்ரீமதி டியூஷனில். மிச்சம் இருந்தது வீட்டுக்காரர் பரமேஸ்வரன்.

* கவுன் ஏன் மாடியில் தொங்கியது என்பது இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது.

5

"ஏங்க, இங்கன வாங்க. மேடத்துக்கும் எனக்கும் ஒரே அளவு. நான் போட்டுட்டு நிக்கேன், நீங்க குறிங்க."

பரமேஸ்வரன் ஸ்கேலோடு தரையில் முழங்காலிட்டார்.

"உயரமும் ஒண்ணுபோலயா?"

"ஆமா."

"இடுப்பும்?"

"பேசாம குறிங்க."

"இல்லட்டி, இடுப்புல கச்சிதமா இருக்கே. அந்தம்மாவும் ராத்திரி ரெண்டு தோசை கூடச் சாப்பிடுவாவளோ?"

"சிரிப்பு காட்டாதீங்க. துணி ஆடுதுல்லா."

"சரி, திரும்பு."

திரும்பினாள். பாவாடை அவர் முகத்தில் அடித்துவிட்டு விரிந்தது. அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"இதப் போயி கூரியர்ல அனுப்பணுமாக்கும்," என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு செய்வோம். அந்தம்மா வேண்டாம்னுட்டாவன்னு வச்சுக்கிடுவோம். துணி வீணாப் போவக் கூடாதுல்லா. நாளைக்குக் குற்றாலத்துக்கு நீயே போட்டுட்டுப் போ."

நான் திட்டமிட்டிருந்ததில் இந்தப் பேச்சு இல்லை. இவருக்கு எப்போதிலிருந்து தெரியும்?

6

'சரி' என்றால் போதும், கவுன் அவளுடையது. அந்த முடிவை எழுதினேன். ஜோதி சாரலில் சுற்றினாள், பாவாடை விரிந்தது. தோழிகள் மொய்த்துக்கொண்டார்கள். "ஏட்டி, எங்கன வாங்குன?" அவள் சொன்னாள்: "ஒருத்தி வேண்டாம்னு விட்டது." அதற்குமேல் எனக்கு எழுத ஓடவில்லை.

இன்னொரு முடிவில், "மேடமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்குத்தான் தச்சேன்" என்கிறாள். வாசித்துப் பார்த்தேன். குரல் என்னுடையதாக இருந்தது. அவள் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே இருவரையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

"எம்புட்டு நீளம் வைக்க?"

"முழங்காலுக்குக் கீழ நாலு விரக்கட."

"அந்தம்மா அப்டித்தான் கேட்டாவளா?"

ஜோதிலட்சுமி வாயைத் திறக்கிறாள். அடுத்த வரியை, தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பழகியவர் யாராவது எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். பரமேஸ்வரனுக்கு முழங்கால் வலிக்கிறது.