பல் முளைக்காத பசி

1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாட்டுங்காவில் கிருஷ்ண விலாஸ் பில்டிங்கில் இருந்த பதினாறு குடித்தனங்களுக்கும் சாப்பிட்டுக் கை கழுவின உடனேயே மறுபடி பசித்தது. முதலில் யாரும் இதை வெளியே சொல்லவில்லை. ரேஷன் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கார்டுக்குக் கிடைத்த அரிசியில் பாதி குருணை, மீதி புழு தின்ற மிச்சம், அதில் என்ன சத்து இருக்கும் என்று அவரவர் சமாதானம் செய்துகொண்டார்கள். மூன்றாம் மாடியில் இருந்த ஒரு பென்ஷன்காரர் மட்டும் தமக்கு நீரிழிவு வந்துவிட்டதாக முடிவு கட்டி உயில் எழுத உட்கார்ந்தார். வியாழக்கிழமை காலையில் மாடிப்படியில் நான்கு பெண்கள் ஒருவரையொருவர் நிறுத்தி விசாரித்த பிறகுதான் விஷயம் பொதுவானது என்று தெரிந்தது. படியிறங்கித் தெருவுக்குப் போனால் பசி விட்டுவிடும். கேட்டுக்குள் காலை வைத்தால் திரும்ப வந்து வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

தரைத் தளத்தில் குடியிருந்த வானமாமலை, ரயில்வே கம்பெனியில் வரைபடம் போடுகிறவர். எதையும் அளந்து பார்க்காமல் பேசமாட்டார். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தார். இரண்டாவது மாடியில் ஏழாம் நம்பர் வாசலில் நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அது நாணுவின் வீடு.

நாணு பாலக்காட்டுக்காரர், கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. வீட்டில் மனைவி நாகலக்ஷ்மி, கணவனை இழந்து தம்பியோடு வந்து இருந்த அக்கா அகிலாண்டம், ஏழு மாதப் பெண் குழந்தை அம்மிணி. ஜூன் மாதம் நாகலக்ஷ்மிக்கு டைபாய்டு வந்து ஐந்து வாரம் படுத்ததில் தாய்ப்பால் வற்றிப்போயிற்று. டாக்டர் சீமை டின் பால்மாவு எழுதிக்கொடுத்தார். இரண்டு டின் கிடைத்தது. அப்புறம் சண்டையில் சரக்குக் கப்பல் வருவது நின்றுபோயிற்று. கப்பல் கம்பெனியிலேயே வேலை பார்த்தும் நாணுவால் ஒரு டின்னை வரவழைக்க முடியவில்லை. மாட்டுப்பால் கொடுத்தால் குழந்தை அப்படியே கக்கியது. ரேஷன் அரிசிக் கஞ்சியை நாக்கால் வெளியே தள்ளியது. நேந்திரங்காய்ப் பொடி கிளறிக் கொடுக்கலாம் என்று ஊருக்கு எழுதிப் போட்டார்கள். பார்சல் வழியில் எங்கோ நின்றுவிட்டது. அம்மிணி இரவும் பகலுமாக அழுதாள். ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலை அழுவதை நிறுத்தினாள். அழ அவளுக்குத் தெம்பில்லை. அன்று மத்தியானம்தான் மற்றவர்களுக்குப் பசிக்கத் தொடங்கியது.

வானமாமலை இதை எடுத்துச் சொன்னபோது நாணு வாசற்படியைப் பார்த்தார். பிறகு, "எங்களால எல்லாருக்கும் கஷ்டம். என்ன பண்றதுன்னே தெரியலை" என்றார்.

"எங்க வயிறு கெடக்கட்டும் ஓய். குழந்தை வயித்துக்கு என்ன போடறதுன்னு பாரும்" என்று சொல்லிவிட்டு வானமாமலை கீழே போனார்.

பில்டிங்கில் அந்தப் பசி தொடாத ஒரே ஆள் நாகலக்ஷ்மி. அவளுக்கு வயிறு பசிக்கவில்லை, மார்பு வலித்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பால் புகட்டுகிற சங்கில் வெந்நீரும் சர்க்கரையும் கலந்து உதட்டில் நனைத்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலுக்குப் பிறகு கொட்டிப்போன தலைமுடி அப்போதுதான் குச்சி குச்சியாக முளைக்க ஆரம்பித்திருந்தது.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பில்டிங்காரர்கள் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் கூடினார்கள். யாருக்கும் நாணு மேல் கோபமில்லை. ஆனால் இருக்கிற ரேஷனில் ஒரு வயிற்றுக்கே போதவில்லை, இரண்டு வயிற்றுக்கு எங்கே போவது என்றார்கள். குழந்தையைப் பாலக்காட்டுக்கு அனுப்பிவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று ஒருவர் சொன்னார். வானமாமலை யோசித்துவிட்டு, "ரயில்ல ரெண்டு நாள். வண்டி பூரா பசியோட போகும், அது பரவாயில்லை. ராய்ச்சூர் தாண்டறவரை குழந்தை தாங்குமா?" என்று கேட்டார். ஒவ்வொருவராக மழையில் குடையை விரித்துக்கொண்டு கலைந்து போனார்கள்.

அம்மிணி மெலிய மெலியப் பசி பரந்தது. வெள்ளிக்கிழமை தெருமுனை, சனிக்கிழமை கிங்ஸ் சர்க்கிள், திங்கட்கிழமை தாதர். வானமாமலை ஆபீஸ் விட்டு வந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு எல்லை எங்கே என்று நடந்து பார்த்து, வரைபடத் தாளில் பென்சிலால் கோடு இழுத்து வைத்தார். டிராமில் தாதரிலிருந்து கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நடுவழியில் பசித்தது. மாட்டுங்கா ஹோட்டல்களில் பத்து மணிக்குள் இட்லி தீர்ந்தது. நாணு தினமும் சாயங்காலம் டிராமில் திரும்பும்போது எந்த இடத்தில் பசி வந்து பிடிக்கிறது என்று கவனித்துக்கொண்டே வருவார். முந்தின நாளைவிட முன்னாலேயே பிடித்தால் குழந்தை இன்னும் மோசம் என்று அர்த்தம். தினமும் முன்னாலேயேதான் பிடித்தது.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, பசி தண்டவாளத்தைக் கடந்து தாராவிக்குள் போயிற்று. தோல் ஷாப்புகளை ஒட்டிய சந்தில், தோல் பதனிடும் வேலை பார்த்த சொரிமுத்துவின் மனைவி பூமாரி, காலைச் சோறு தின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. சந்தில் எல்லாரும் மறுபடி பானையைத் திறந்தார்கள். பூமாரியும் ஒரு வாய் சோற்றை எடுத்து வாயில் வைத்தாள். நாக்கு அதை ஏற்கவில்லை. மெல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, சப்ப வேண்டும் போலிருந்தது. அவள் சோற்றைத் துப்பிவிட்டு, பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாளிடம், "இது நம்ம பசி இல்லக்கா. பல்லு மொளைக்காத பசி. எங்கயோ ஒரு பச்சப்பிள்ளை பட்டினி கெடக்கு" என்றாள்.

தன்னுடைய பதினைந்து மாதப் பெண்ணுக்காக அரைத்து வைத்திருந்த கேப்பை மாவு டப்பாவை எடுத்துக்கொண்டாள். பெண்ணை இடுப்பில் வைத்து, தலைக்கு மேல் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். வழி யாரிடமும் கேட்கவில்லை. சந்து பிரிகிற இடங்களில் நின்று, எந்தப் பக்கம் வயிறு அதிகம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பினாள். ரயில் பாலத்தைக் கடந்து மாட்டுங்காவுக்கு வந்தபோது காதடைத்தது. கிருஷ்ண விலாஸ் படியில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தாள். ஏழாம் நம்பர் வாசலில் கதவைத் தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. அது திறந்துதான் கிடந்தது.

அகிலாண்டம் வந்து நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். அன்று ஏகாதசி, அவள் பச்சைத் தண்ணீர் குடிக்காத நாள். அந்த வீட்டில் எது ஆசாரம், எது இல்லை என்று சொல்கிறவள் அவள்தான்.

"யாரு நீ?"

"தாராவியில இருந்து வாரேன்மா. பிள்ளைக்குப் பசிக்கு. அங்க வரைக்கும் பசிக்கு."

"அதுக்கு?"

"மாவு கொண்டாந்துருக்கேன். கேப்பை மாவு."

"உன் ஆம்படையான் என்ன வேலை பார்க்கறான்?"

"தோல் ஷாப்புல."

அகிலாண்டம் கதவின் மேல் கையை வைத்தாள். சாத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அவளுக்குப் பின்னால் நாகலக்ஷ்மி குழந்தையோடு எழுந்து வந்திருந்தாள். பூமாரியின் இடுப்பில் இருந்த பெண்ணைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையின் முழங்காலில் மடிப்பு விழுந்திருந்தது, மணிக்கட்டில் நூல் கட்டினாற்போல் ஒரு கோடு. மழையில் நனைந்த சாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தது.

"இவளுக்கு இதைத்தான் குடுக்கறயா?" என்று நாகலக்ஷ்மி கேட்டாள்.

"ஆறாம் மாசத்துல இருந்து. எனக்கும் பால் பத்தல."

"நாகு, நம்மாத்துல இதெல்லாம் வாங்கப்படாது" என்றாள் அகிலாண்டம்.

கல்யாணமாகி வந்த ஐந்து வருஷத்தில் நாகலக்ஷ்மி நாத்தனார் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. குழந்தையை அகிலாண்டத்தின் கையில் கொடுத்தாள். இரண்டடி முன்னால் வந்து, டப்பாவைப் பூமாரியின் கையிலிருந்து தன் கையால் வாங்கிக்கொண்டாள். அகிலாண்டம் கையில் குழந்தை ஒரு கைக்குட்டை அளவுக்குத்தான் கனத்தது. மடித்துவைத்த பழந்துணிபோல் அது தோளில் கிடந்தது. அகிலாண்டம் முந்தானையை இழுத்து அதன் மேல் போர்த்தினாள். பிறகு சுவரைப் பார்த்து, "வறுத்த மாவுக்குப் பத்து, தீட்டு எதுவும் இல்லை. நம்ம அடுப்புல, நம்ம ஜலத்துல பண்ணினா தோஷமில்லை" என்றாள். சாஸ்திரத்தில் அப்படி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

பூமாரி வாசலில் உட்கார்ந்தபடி சொல்லச் சொல்ல நாகலக்ஷ்மி செய்தாள். ஒரு கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் கரி அடுப்பில் வைக்க வேண்டும், கையை எடுக்காமல் கிண்ட வேண்டும். "அனலைக் கொறைங்க. அவசரப்பட்டா அடி பிடிக்கும், பிள்ளைக்கு வயித்த வலிக்கும்" என்றாள் பூமாரி. கஞ்சி நிறம் மாறிப் பளபளத்து, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வந்தது. கருப்பட்டி இல்லை, வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்தார்கள். மெல்லிய துணியில் இன்னொரு தடவை பிழிந்து, ஆறவைத்து, சங்கில் ஊற்றினார்கள்.

முதல் வாயை அம்மிணி துப்பினாள். இரண்டாவது வாய் கன்னத்தில் வழிந்தது. "கீழ் உதட்டுல வைங்கம்மா, அதுவே இழுக்கும்" என்றாள் பூமாரி. மூன்றாவது வாய் தொண்டைக்குள் இறங்குகிற சத்தம் வாசல்வரை கேட்டது.

அப்போது மணி பதினொன்றரை. ஏழாம் சங்கு உள்ளே போனபோது மூன்றாம் மாடிப் பென்ஷன்காரர் ஏப்பம் விட்டுவிட்டு உயிலைக் கிழித்துப்போட்டார். கிங்ஸ் சர்க்கிளில் நின்றிருந்த டிராம் கண்டக்டர் பெல்டை ஒரு துளை தளர்த்திக்கொண்டார். ஹோட்டல்களில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் போதும் என்று கையைக் காட்டி எழுந்தார்கள். தாராவியில் பார்வதியம்மாள் பானையை மூடினாள். மாட்டுங்கா முழுக்க அன்று பகலில் ஜனங்கள் பாயை விரித்துப் படுத்து, இத்தனை நாளில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினார்கள். ஏகாதசி விரதத்தில் இருந்த அகிலாண்டத்துக்கும் வயிறு நிறைந்துபோயிற்று. விரதம் கெட்டதா இல்லையா என்று அவளுக்கே விளங்காமல், சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

நாணுவுக்கு மட்டும் இது எதுவும் தெரியாது. சாயங்காலம் டிராமில் வந்துகொண்டிருந்தார். பரேல் தாண்டியது, பசிக்கவில்லை. தாதர் தாண்டியது, பசிக்கவில்லை. அவர் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பசி நின்றுபோனால் என்ன அர்த்தம் என்று அவருக்கு ஒன்றுதான் தோன்றியது. கிங்ஸ் சர்க்கிள் வரும்வரை பொறுக்காமல், வேகம் குறைந்த ஒரு வளைவில் குதித்தார். செருப்பு ஒன்று தண்டவாளத்திலேயே கிடந்தது. மழைத் தண்ணீரில் ஓடி, படியேறி வாசலுக்கு வந்தபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. அகிலாண்டம் தூங்கிக்கொண்டிருந்தாள். நாகலக்ஷ்மி தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் துணி விரிப்பில் அம்மிணி கண்ணைத் திறந்து படுத்து, தன் கால் கட்டைவிரலைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயோரத்தில் பழுப்பாய் என்னவோ காய்ந்திருந்தது. நாணு அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். வெல்லம் இனித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டப்பா மாவு ஐந்து நாளைக்குத்தான் வந்தது. பூமாரி மூன்று நாளைக்கு ஒரு தடவை வந்து செய்முறையைச் சொல்லிக்கொடுத்தாள். அவள் கேப்பை என்றாள், அகிலாண்டம் கூவரகு என்றாள், கடைக்காரன் நாச்சணி என்றான். மூன்றும் ஒன்றுதான் என்று தெரிய அரைமணி ஆயிற்று. கல் பொறுக்கிக் கழுவி ஊறவைத்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் வெள்ளையாய் முளை வரும். ஆனால் ஆகஸ்ட் மழையில் அதைக் காயவைக்க வெயில் இல்லை. முளைத்த தானியம் பூசணம் பிடித்தால் கதை மறுபடி தொடங்கிவிடும் என்று பில்டிங்குக்குப் புரிந்தது. பதினாறு குடித்தனங்களும் ஆளுக்கு இரண்டு கைப்பிடி வாங்கிப் போய், சோறு வடித்த அடுப்பின் பக்கத்தில் தட்டில் பரப்பிக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அகிலாண்டம் வறுத்துத் திருகையில் அரைத்தாள். ஒரு நாள் சாரல் பலமாக அடித்தபோது, வாசலில் நனைந்துகொண்டிருந்த பூமாரியிடம், "உள்ளே வந்து உட்காரேன். குழந்தை நனையறது" என்றாள். அதற்கப்புறம் பூமாரி உள்ளேதான் உட்கார்ந்தாள்.

அம்மிணிக்கு அக்டோபரில் இரண்டு பல் முளைத்தது. பசி தெருவிலிருந்து பில்டிங்குக்கும், பில்டிங்கிலிருந்து வீட்டுக்கும் சுருங்கியது. வானமாமலை வரைபடத்தைச் சுருட்டிப் பரண் மேல் போட்டார். சண்டை முடிந்து சீமை டின்கள் திரும்ப வந்தபோது நாணு ஆசையாக ஒன்று வாங்கி வந்தார்; குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அரைமணிக்குள் எதிர்வீட்டுக்காரர்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்து நின்றார்கள். டின் கடைக்குத் திரும்பப் போயிற்று. 1948இல் சொரிமுத்துவுக்கு அம்பர்நாத்தில் ஒரு தீப்பெட்டி ஆலையில் வேலை கிடைத்தது. புறப்படுகிற அன்று பூமாரி வந்து நாகலக்ஷ்மியோடு ஒரு காப்பி குடித்தாள். "பாத்துக்கிடுங்கம்மா" என்றாள் பூமாரி. "வந்துண்டிரு" என்றாள் நாகலக்ஷ்மி. அம்பர்நாத் தூரம், அவளால் வர முடியவில்லை. பூமாரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

கடிதத்துக்கு அவசியமும் இருக்கவில்லை. அவ்வளவு தூரத்தில் வேறு யாருக்கும் ஒன்றும் தெரியாவிட்டாலும், பன்னிரண்டு மணி தாண்டினால் பூமாரிக்கு லேசாக வயிற்றை இழுக்கும். ஒன்றரை மணிக்கு நிறைந்துவிடும். அம்மிணியைப் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. சாப்பாட்டு நேரம் மணி அடித்தாற்போல் ஒரே சீராக ஆகியிருந்தது. 1949இல் ஒரு சனிக்கிழமை, பன்னிரண்டுக்கு முன்பே அவளுக்கு வயிறு நிறைந்தது. சொரிமுத்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். "ஸ்கூல் அரை நாளாருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.