ஆடாத தரை

முப்பது வருஷம் ஓடும் பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் நின்று டிக்கெட் கிழித்த கண்டக்டருக்கு, இப்போது சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டும் நிற்க வரவில்லை. பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துப் பத்து எண்ணும்வரை நிற்க வேண்டும் என்பது பயிற்சி. மூன்றிலேயே இடப்பக்கம் சாய்ந்தார். மனைவி இடுப்பு பெல்ட்டைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"தரை ஆடுதுடி."

"அது பாட்டுக்குச் சும்மாத்தான் கிடக்கு."

அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஆடின பஸ்ஸில் ஒரு நாளும் விழாதவன் ஆடாத தரையில் எப்படி விழுவான்? காலைக் கேட்டால் காலுக்கும் தெரியவில்லை.

மனைவிக்குப் பொறுமை போயிற்று. "பஸ்ஸுல ஊரையே மிரட்டுவீங்களே, அந்தக் குரல் எங்க போச்சு?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கையை மேடையிலிருந்து எடுத்து நீட்டி, "உள்ள போங்க! படியில நிக்காதீங்க! கம்பியப் பிடிங்க!" என்று கத்தித் தீர்த்தார்.

"பத்து" என்றாள் மனைவி.

குழம்பிப்போய்த் திரும்பிப் பார்த்தார். அவளுடைய இரண்டு கைகளும் மேடையைப் பிடித்திருந்தன.

"அப்ப என்னை யாருடி பிடிச்சிருந்தது?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க கம்பியப் பிடிங்கன்னு கத்தினீங்க, நான் பிடிச்சேன்."