ஒன்றாம் ஆணி

"இன்னும் ஒரு அடி வெளிய தள்ளு," என்று அப்பா தூறலில் நின்றபடி கையை ஆட்டினார்.

அவள் வேனைப் பின்னுக்கு எடுத்து மறுபடியும் முன்னால் விட்டாள். தெருவுக்குள் வண்டிகள் திரும்பும் முனை அது. முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நின்றது.

"தாண்டி நிக்குதுப்பா."

"நிக்கட்டும். இந்த மூலை காலியா இருந்தா இதையும் ஒரு காலி இடம்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. நம்ம தலை மேல ஏறிப் போற ஆளுங்க அவங்க."

அவள் எஞ்சினை அணைத்து, இறங்கிக் கதவைப் பூட்டி, சாவியை ரெயின்கோட் பையில் போட்டுக்கொண்டாள். அப்பாவின் முகம் முழுக்க நனைந்திருந்தது. அந்தத் தூறலில் தொப்பியின் விளிம்புகூடச் சரியாக நனையவில்லை, முகத்தில் இருந்தது வியர்வை என்று அவள் பார்த்தாள். ஏதோ கேட்க நினைத்தாள். அதற்குள் அவர் நடக்கத் தொடங்கிவிட்டார்.

மூன்று மாதமாகத் தெருவில் இதே பேச்சுதான். இரண்டு பக்கமும் வண்டி நிறுத்தும் இடத்தை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் அகலமான நடைபாதையும் மறுபக்கம் சைக்கிள் பாதையும் போடப்போவதாக நகராட்சி சொன்னது. அப்பாவுக்கு மெத்தைக் கடை. கூட்டத்தில் எழுந்து, "டபுள் மெத்தைய எவன் தலையில வச்சுக்கிட்டு சைக்கிள் மிதிப்பான்?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் சைக்கிள் டீச்சர் எழுந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எங்கு போனாலும் சைக்கிளில்தான் போவாள், அதனால் அந்தப் பெயர். "மெத்தைய மனுஷன் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வாங்குறான். தெருவுல தினமும் நடக்குறான்," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை அப்பா ஒரு வாரம் சோற்றுத் தட்டின் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்குக் கணக்கெடுப்பு. காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, பிற்பகல் மூன்று. மூன்று முறையும் தெரு நிறைந்திருந்தால் திட்டம் நிற்கும். வேலை நாட்களில் தெருவில் பாதி இடம் காற்றாடும் என்பது அப்பாவுக்குத் தெரியும். அதனால் சொந்தக்காரர், கடைக்காரர், தெரிந்தவர் என்று எல்லாரிடமும் வண்டி கேட்டிருந்தார். வண்டியோடு சாவியும்.

"ஒருத்தனையும் நம்ப முடியாது. டீ குடிக்கப் போறேன்னு எடுத்துட்டுப் போயிடுவான். மூணு மணி வரைக்கும் சாவி நம்மகிட்டதான்."

அதற்காக ஒரு பலகையில் முப்பத்துநான்கு ஆணி அடித்திருந்தார். எண்களை அவள்தான் எழுதினாள். ஒன்றாம் ஆணி சொந்த வேனுக்கு. கடைக்குள் நுழைந்ததும் ஆட்கள் சாவியை நீட்டிக்கொண்டு சூழ்ந்தார்கள். ரெயின்கோட்டைக் கழற்றிப் பின்னறைக் கொக்கியில் மாட்டிவிட்டு, இரண்டிலிருந்து தொடங்கினாள்.

கடைசியாக அம்மாவின் தம்பி வந்தார். "அத்தான், என் வண்டி ஓடாது. நாலு பேரை வச்சுத் தள்ளிட்டு வந்தேன். பரவாயில்லையா?"

"நிக்கத்தானே போகுது மச்சான். ஓடுற வண்டியவிட நல்லா நிக்கும்."

அப்பா சிரித்தார். சிரிப்பின் நடுவில் இடது தோளைத் தேய்த்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு நகராட்சிப் பெண் அட்டையும் பேனாவுமாக வந்தாள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு வண்டியின் மூக்கு அடுத்த வண்டியின் முதுகை இடித்துக்கொண்டிருந்தது. நடக்கிறவர்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் போனார்கள். "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டாள்.

"தினமும் இப்படித்தான்மா," என்றார் அப்பா.

பன்னிரண்டு மணிக் கணக்கும் முடிந்தது. அவள் பின்னறையில் தலையணை உறை எண்ணிக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கசங்கும் சத்தம் கேட்டது. வந்து பார்த்தாள். காட்சிக்கு வைத்திருந்த, பிளாஸ்டிக் சுற்றிய பெரிய மெத்தையின் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். விற்கிற மெத்தையில் வீட்டு ஆட்கள் உட்காரக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். சின்ன வயதில் அவள் ஒரு தடவை ஏறிக் குதித்ததற்கு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை.

"என்னப்பா?"

"வாயு. கொஞ்சம் வெந்நீர் கொண்டா."

கொண்டு வந்தாள். டம்ளரை வாங்கிய விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்ப்பா."

"எதுல போறது? எல்லாம் நின்னுட்டு இருக்கு. ஒண்ணை எடுத்தா ஓட்டை விழும். மூணு மணி ஆகட்டும்."

"நடந்து போலாம்."

"நீயும் அந்த டீச்சர் கட்சியா?" என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். விளையாட்டாகத்தான் கேட்டார். அவரிடம் ஒரு வார்த்தைக்கு இரண்டாவது வார்த்தை பேசிப் பழக்கம் இல்லாதவள் அவள். சுவர்க் கடிகாரத்துக்கு நேரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மணி ஒன்று நாற்பது. முள் நகர்கிறதா என்று சந்தேகமாக இருந்தது. அப்பா அசையும்போதெல்லாம் பிளாஸ்டிக் கசங்கியது. அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தவரை அவள் பயப்படவில்லை.

இரண்டு இருபதுக்கு அது நின்றது.

அவள் அலறியதில் மாமா ஓடி வந்தார். மேலே வீட்டிலிருந்து அம்மா இறங்கி வந்தாள். யார் போன் செய்தார்கள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. அப்பாவின் கண் பாதி திறந்திருந்தது. மூச்சு எப்போதாவது ஒருமுறை வந்தது, மறந்து போனதை நினைவுபடுத்திக்கொள்வது போல.

தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. நெருங்கியது. பிறகு ஒரே இடத்தில் நின்று அலறத் தொடங்கியது.

மாமா வெளியே ஓடிப்போய்த் திரும்பி வந்தார். "நம்ம வேன்தான்! முனையில திரும்ப முடியல! சாவி எடு, ஒண்ணாம் நம்பர்!"

பலகையில் ஒன்றாம் ஆணி வெறுமையாக இருந்தது.

"இல்ல மாமா."

"இல்லன்னா? அத்தான் பையில இருக்கும் பாரு!"

மாமாவே குனிந்து அப்பாவைப் புரட்டி இரண்டு பைகளிலும் கைவிட்டார். கைக்குட்டையும் அளவு டேப்பும் வந்தன. அவள் மற்ற முப்பத்துமூன்று சாவிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மேஜை இழுப்பறையைக் கொட்டினாள். அம்மா, "தேடு, நல்லாத் தேடு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வெளியே சத்தம் அலறிக்கொண்டிருந்தது. பூட்டிய வேன் அசையாததால் ஆட்கள் அதை ஒட்டி நின்ற வண்டிகளைத் தள்ளப் பார்த்தார்கள். நெருக்கி நின்றதில் மாமாவின் ஓடாத வண்டியும் நகரவில்லை.

ஆம்புலன்ஸ் ஆள் வண்டிகளுக்கு நடுவே ஓடி வந்தான். அவன் பின்னால் சைக்கிள் டீச்சர். கனமான மருத்துவப் பெட்டியைத் தன் சைக்கிள் கேரியரில் வைத்து, ஒரு கையால் பிடித்தபடி உருட்டிக்கொண்டு வந்தாள். பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

அப்பாவை மெத்தையோடு தூக்கிக்கொண்டு எட்டுப் பேர் நடந்தார்கள். இரண்டு இடங்களில் மெத்தை வண்டிகளுக்கு நடுவே நுழையாமல் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. முனைக்கு வந்தபோது ஆம்புலன்ஸ் ஆள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு டிரைவரிடம் தலையை அசைத்தான். டிரைவர் சத்தத்தை நிறுத்தினான்.

அந்த அமைதியில்தான் நகராட்சிப் பெண் மூன்றாம் கணக்குக்கு வந்தாள். நின்றாள். தெருவை ஒரு தடவை பார்த்தாள். அட்டையில் எதையோ எழுதி, அதைக் கையால் மறைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

மறுநாள் எல்லாம் முடிந்தது. அதற்கு அடுத்த நாள் ஆட்கள் சாவி வாங்க வந்தார்கள். எண்ணைச் சொன்னார்கள், அவள் எடுத்துக் கொடுத்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சைக்கிள் டீச்சரும் வந்தாள். அம்மாவின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள்.

"எங்கதான் வச்சாரோ மனுஷன்," என்றார் மாமா நாலாவது தடவையாக. "அன்னைக்கு அவருக்கு நிதானமே இல்ல. எங்கயோ விழ விட்டிருப்பாரு. பாவம், அவரு கையாலயே…"

"போதும்டா," என்றாள் அம்மா.

ஆறாம் நாள் கடிதம் வந்தது. மாமா உரக்கப் படித்தார். மூன்று கணக்கிலும் இடம் முழுவதும் நிரம்பியிருந்ததால் திட்டம் தள்ளிவைக்கப்படுகிறது. மாமா கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அத்தான் ஜெயிச்சுட்டாரு அக்கா," என்றார். அம்மா கடையின் உள்ளே, மெத்தை இருந்த காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் மழை பிடித்தது. ரொட்டி வாங்கி வர அவள் கிளம்பினாள்.

"நனையாத. ரெயின்கோட்டைப் போட்டுட்டுப் போ."

பின்னறைக் கொக்கியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள். வாசலில் குளிர் அடித்தது. கையைப் பைக்குள் விட்டாள்.

"ஏன் நின்னுட்ட?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

"பணம் எடுத்துக்கிட்டியா?"

"ம்."

தெருவில் இரண்டு பக்கமும் ஒரு வண்டிகூட இல்லை. கோடுகள் மட்டும் மழையில் வெள்ளையாகத் தெரிந்தன. முனையில் வேன் மட்டும் நின்றிருந்தது, அன்று நின்ற அதே இடத்தில். அவள் கதவைத் திறந்து ஏறினாள். ஒரு அடி பின்னுக்கு எடுத்தாள். இறங்கி, மழையில் குனிந்து, சக்கரம் கோட்டுக்குள் வந்துவிட்டதா என்று பார்த்தாள். இன்னும் நாலு விரல் வெளியே இருந்தது. மறுபடியும் ஏறினாள்.